டேம் உடைஞ்சா கீழ இருக்குறவங்கள்ல எத்தனை பேர் உயிர் போகும், அதை எப்படி கணக்கு போடுறாங்க? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அணை பாதுகாப்பு பத்தி எங்க பேச்சு வந்தாலும் இதே கேள்விங்கதான் சுத்தி சுத்தி வருது, அதனால எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில் எழுதி வச்சிடறேன். நடுவுல கொஞ்சம் கணக்கு வரும், பெருக்கல் வகுத்தல் தெரிஞ்சா போதும்.

உடையாத டேமுக்கு இத்தனை சாவுன்னு கணக்கு போடுறது அபசகுனமா தெரியலையா?

கேட்கும்போது மனசு ஒரு மாதிரி ஆகும்தான். ஆனா நம்ம நாட்டுல மட்டும் 6,000க்கு மேல பெரிய அணைங்க இருக்கு, அதுல 200க்கு மேல 100 வயசு தாண்டினது, எல்லாத்தையும் ஒரே நேரத்துல பலப்படுத்த பணமும் கிடையாது ஆளும் கிடையாது. அப்போ எதை முதல்ல கையில எடுக்கறது? உயரத்தை வச்சு முடிவு பண்ணாலும் தப்பாயிடும், கொள்ளளவை வச்சு பண்ணாலும் தப்பாயிடும், ஏன்னா காட்டுக்குள்ள இருக்கிற 80 மீட்டர் டேமுக்கு கீழ ஒரு வீடு கூட இல்லாம இருக்கலாம், ஊருக்கு மேல நிக்கிற 12 மீட்டர் மண் கரைக்கு கீழ ஒரு பள்ளிக்கூடமும் நாலு தெருவும் இருக்கலாம். அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல இருந்த கெல்லி பார்ன்ஸ் டேம் சின்ன மண் அணைதான், 1977 நவம்பர் 6ஆம் தேதி ராத்திரி 1.30 மணி வாக்குல மழையில உடைஞ்சது, கீழ ஒரு பைபிள் காலேஜ், எல்லாரும் தூக்கத்துல, 39 பேர் போயிட்டாங்க, அதுல நிறைய பேர் குழந்தைங்க. உலகத்துல பெரிய டேம் லிஸ்ட் எதுலயும் அந்த பேர் வராது, ஆனா உயிரிழப்பு கணக்கு படிக்கிற எல்லாரும் அதை படிக்காம தாண்ட முடியாது.

"அதிக அபாய" வகைன்னு ஒரு டேமை போட்டா அது உடையப் போகுதுன்னு அர்த்தமா?

இல்ல. அந்த வகைப்பாடு டேமோட நிலைமையை சொல்றதில்ல, உடைஞ்சா கீழ என்ன ஆகும்னு மட்டும்தான் சொல்லுது. நேத்து கட்டி முடிச்ச உறுதியான டேம் கூட கீழ ஊர் இருந்தா அந்த வகையிலதான் வரும். நியூஸ்ல இதை குழப்பி போடும்போதெல்லாம் ஜனங்க வீணா பயப்படுறாங்க, அப்புறம் நிஜமான எச்சரிக்கை வரும்போது நம்ப மாட்டேங்கறாங்க, அதுதான் எனக்கு கவலை.

சரி, கணக்குக்கு என்னென்ன வேணும்?

அடிப்படையா மூணு விஷயம். தண்ணி போற இடத்துல அந்த நேரத்துல எத்தனை பேர் இருப்பாங்க, தண்ணி எவ்ளோ ஆழத்துல எவ்ளோ வேகத்துல வரும், தண்ணி வர்றதுக்கு எவ்ளோ நேரம் முன்னாடி அவங்களுக்கு விஷயம் தெரியும். முதல் ரெண்டையும் இன்ஜினியர்ங்க நல்லாவே கணிக்கிறாங்க, உடைப்பு எவ்ளோ அகலமாகும் எவ்ளோ நேரத்துல ஆகும்னு ஒரு அனுமானம் வச்சு ஹெக்-ராஸ் மாதிரி சாஃப்ட்வேர்ல ஓட்டினா எந்த ஊருக்கு எத்தனை நிமிஷத்துல தண்ணி வரும்னு மேப் வந்துடும். மூணாவதுதான் மனுஷங்க சம்பந்தப்பட்டது, முடிவை அதிகமா ஆட்டிப் படைக்கிறதும் அதுதான், கீழ போகப் போக பாருங்க.

முல்லைப்பெரியாறு பேச்சு வந்தாலே "35 லட்சம் பேர் செத்துடுவாங்க"ன்னு ஷேர் பண்றாங்களே?

அந்த அணை உறுதியா இருக்கா இல்லையாங்கிறது ரெண்டு மாநிலமும் கோர்ட் வரைக்கும் போன விவாதம், அதுக்குள்ள இங்க போகல. ஆனா அந்த நம்பர் ஆபத்துல இருக்கிறவங்கன்னு சொல்லப்படுற எண்ணிக்கை, சாவு எண்ணிக்கை கிடையாது, ரெண்டையும் ஒண்ணாக்கி பரப்புறாங்க. ரெண்டுக்கும் நடுவுல மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கலாம். கலிஃபோர்னியாவுல ஓரோவில் டேம்ல 2017 பிப்ரவரியில உபரி நீர் போற வழி அரிச்சுக்கிட்டு போனப்போ கிட்டத்தட்ட 1,88,000 பேரை கிளம்பச் சொன்னாங்க, டேம் நின்னுடுச்சு, வெள்ளத்துல யாரும் போகல. மிச்சிகன்ல ஈடன்வில் டேம் 2020 மே 19 நிஜமாவே உடைஞ்சது, அதுக்கு முன்னாடியே சுமார் 10,000 பேரை வெளியேத்திட்டாங்க, அங்கயும் உயிரிழப்பு இல்ல. அதனால யாராவது ஒரு பெரிய நம்பரை சொன்னா, இது தண்ணி போற வழியில இருக்கிறவங்களா, இல்ல சாகக்கூடியவங்கன்னு கணிச்சதா, கணிச்சதுன்னா எவ்ளோ முன்னறிவிப்பு இருக்கும்னு வச்சு கணிச்சதுன்னு கேளுங்க.

பழைய ஃபார்முலா மூணே வரின்னு சொல்றாங்களே, அது என்ன?

அமெரிக்காவுல அணைங்க கட்டுற அரசு அமைப்பான பியூரோ ஆஃப் ரெக்லமேஷன்ல இருந்த கர்டிஸ் பிரவுன், வேய்ன் கிரஹாம் ரெண்டு பேரும் 1988ல போட்டது. பழைய டேம் உடைப்புகளையும் திடீர் வெள்ளங்களையும் எடுத்து பார்த்து, முன்னறிவிப்பு 15 நிமிஷத்துக்கு கம்மின்னா ஆபத்துல இருக்கிறவங்கள்ல பாதி பேர், 15ல இருந்து 90 நிமிஷம்னா அந்த எண்ணிக்கையோட 0.6 அடுக்கு (0.6ஆல பெருக்குறது இல்ல, 0.6ங்கிற பவருக்கு ஏத்துறது, இதுக்கு மட்டும் கால்குலேட்டர் வேணும்), 90 நிமிஷத்துக்கு மேலன்னா 0.0002 பங்கு, அவ்ளோதான்.

1,000 பேர் இருக்கிற ஊரை எடுத்துக்கோங்க. முதல் வரி 500 சாவு. ரெண்டாவது வரி 63. மூணாவது வரி 0.2, அதாவது அநேகமா யாரும் இல்ல. அதே ஊர், அதே தண்ணி, அதே டேம். நடுவுல மாறினது ஒரு ஒன்றரை மணி நேரம்.

ஆனா இந்த ஃபார்முலாவுல ஒரு பெரிய ஓட்டை இருக்கு. 10,000 பேரை ஒரே கூட்டமா எடுத்து நடு வரியை போட்டா 251 வரும், அதே 10,000 பேரை ஆயிரம் ஆயிரமா பத்து ஊரா பிரிச்சு போட்டு கூட்டினா 630 வரும். எல்லைக் கோட்டை எங்க போடுறோம்கிறதை வச்சு சாவு எண்ணிக்கை ரெண்டரை மடங்கு ஏறக்கூடாது இல்லையா, அதனால பின்னாடி வந்தவங்க இதை விட்டுட்டாங்க. 1993ல டீகே, மெக்லெல்லண்ட் ரெண்டு பேரும் தண்ணியோட உக்கிரத்தையும் உள்ள சேர்த்து வேற சமன்பாடு குடுத்தாங்க, குறுகின பள்ளத்தாக்குல வர்ற தண்ணியையும் சமவெளியில பரவுற தண்ணியையும் ஒண்ணா பார்க்கக்கூடாதுன்னு.

1999 கிரஹாம் முறைன்னு எல்லா ரிப்போர்ட்லயும் வருதே?

அதே வேய்ன் கிரஹாம்தான், தன்னோட பழைய முறையை தானே மாத்தி எழுதினது. இதுல ஃபார்முலா கிடையாது, டேபிள். வெள்ளம் எவ்ளோ கடுமை, முன்னறிவிப்பு எவ்ளோ நேரம், இதோட மூணாவதா ஒண்ணு சேர்த்தார், எச்சரிக்கை குடுக்கிறவங்களுக்கே வரப்போறது என்னன்னு சரியா புரிஞ்சிருக்கான்னு. எனக்கு இந்த மொத்த துறையிலயும் ரொம்ப பிடிச்ச விஷயம் இந்த மூணாவதுதான். "ஆத்துல தண்ணி வரத்து அதிகமா இருக்கு, கரையோர மக்கள் பாதுகாப்பா இருக்கவும்"னு தண்டோரா போடுறதுக்கும் "டேம் உடையுது, இருபது அடி தண்ணி வருது, இப்பவே மேட்டுக்கு ஓடுங்க"ன்னு சொல்றதுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பரா டேபிள்ல கொண்டு வந்தார்.

நடுத்தர கடுமைன்னா வீடுங்க இடியும், ஆனா ஏறித் தப்பிக்க மரமோ இடிஞ்ச வீட்டோட மிச்சமோ இருக்கும். அதுல முன்னறிவிப்பே இல்லன்னா 100க்கு 15 பேர். ஒரு மணி நேரத்துக்கு மேல நேரம் இருந்தும் எச்சரிக்கை மொட்டையா இருந்தா 100க்கு 3, தெளிவா இருந்தா 100க்கு 1. நேரம் ஒண்ணுதான், சொன்ன விதம் வேற, சாவு மூணு மடங்கு. எல்லாத்தையும் துடைச்சு எடுத்துட்டு போற உச்ச கடுமைக்கு 100க்கு 75 போட்டிருக்கார். எதுக்குமே ஒத்தை நம்பரோட நிறுத்தல, கூடவே வீச்சும் குடுத்திருக்கார், 15ன்னு சொன்ன இடத்துல 3ல இருந்து 35 வரைன்னு. கெல்லி பார்ன்ஸ்ல சுமார் 250 பேர் ஆபத்துல இருந்தாங்க, 39 பேர் போனாங்க, நூத்துக்கு 15-16 வருது பாருங்க.

2015ல பியூரோ இதையும் புதுப்பிச்சு, டேபிளுக்கு பதிலா ஆழத்தையும் வேகத்தையும் பெருக்கி வர்ற எண்ணை வச்சு கிராஃப்ல படிக்கிற மாதிரி மாத்திட்டாங்க.

ஆழம் பெருக்கல் வேகம் எதுக்கு? ஆழம் மட்டும் போதாதா?

கழுத்து வரை தேங்கி நிக்கிற தண்ணியில சமாளிக்கலாம், முட்டி அளவு தண்ணி வேகமா வந்தா ஆளை சாய்ச்சிடும். ஆஸ்திரேலியாவுல பெரியவங்களுக்கே மீட்டர்ல ஆழத்தையும் விநாடிக்கு மீட்டர்ல வேகத்தையும் பெருக்கினா 0.6 தாண்டக்கூடாதுன்னு வச்சிருக்காங்க, குழந்தைங்களுக்கு 0.4. சின்ன கார் ஒரு அடி தண்ணியிலயே மிதக்க ஆரம்பிச்சிடும். செங்கல் வீடே முழுசா இடியறதுக்கு 7ன்னு ஒரு கணக்கு இருக்கு. கிரஹாம் சாதாரண வெள்ளத்துக்கும் நடுத்தரத்துக்கும் கோடு போட்டது சுமார் 4.6ல.

ஒரே மாதிரி டேம் உடைப்புல ஒரு இடத்துல பத்து பேர், இன்னொரு இடத்துல நானூறு பேர், ஏன்?

இதுக்கு ரெண்டு அமெரிக்க டேமை பக்கத்துல பக்கத்துல வச்சு பார்க்கணும். ரெண்டும் கிட்டத்தட்ட மணி 11.57க்கு உடைஞ்சது. ஒண்ணு பகல், ஒண்ணு ராத்திரி.

ஐடஹோ மாநிலத்துல டீட்டன் டேம், 90 மீட்டருக்கு மேல உயரமான மண் அணை, முதல் தடவையா தண்ணி ரொப்பிக்கிட்டு இருந்தாங்க. 1976 ஜூன் 5, சனிக்கிழமை. காலையில 7 மணிக்கு மேல கசிவு கண்ணுல பட்டுச்சு, போகப் போக கலங்கலா வந்துச்சு, ஓட்டையை அடைக்க அனுப்பின ரெண்டு புல்டோசரும் உள்ள போயிடுச்சு, ஓட்டினவங்க தப்பிச்சுட்டாங்க. 11 மணிக்கு முன்னாடியே கீழ உள்ள ஷெரிஃப்களுக்கு சொல்லியாச்சு. 11.57க்கு அணை போச்சு. வில்ஃபோர்டுங்கிற ஊர் துடைச்சு போட்ட மாதிரி ஆயிடுச்சு, சுகர் சிட்டி, ரெக்ஸ்பர்க் எல்லாம் மூழ்கிடுச்சு. தண்ணி போற வழியில இருந்தவங்க சுமார் 25,000, இறந்தவங்க 11, அதுலயும் எல்லாரும் மூழ்கிப் போகல, மாரடைப்பு மாதிரி காரணங்களும் உண்டு. டேம்ல இருந்து வில்ஃபோர்டு வரைக்கும் சுமார் 2,000 பேர், அங்க நேரம் கம்மி, 7 சாவு. அதுக்கு கீழ 23,000 பேர், நேரம் அதிகம், 4 சாவு. அந்த 2,000 பேருக்கு 1988 ஃபார்முலா நடு வரியை போட்டா 96 வருது, நடந்தது 7, பட்டப்பகல், கண்ணால பார்த்துக்கிட்டே இருந்த கசிவு, ரேடியோவுல நேரடியா சொன்னாங்க, எல்லாம் சேர்ந்து ஜனங்களை காப்பாத்திடுச்சு.

லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துல செயின்ட் பிரான்சிஸ் டேம், கான்கிரீட். 1928 மார்ச் 12. அன்னைக்கு பகல்ல டேம் கீப்பர் கசிவு பார்த்து கூப்பிட்டு, தலைமை இன்ஜினியர் வில்லியம் முல்ஹாலண்ட் நேர்ல வந்து பார்த்து ஒண்ணும் பயமில்லன்னுட்டு போயிட்டார், பன்னெண்டு மணி நேரத்துல டேம் இல்ல. ராத்திரி 11.57. குறைஞ்சது 431 பேர். ஒரு மின்சார கம்பெனி கேம்ப்ல டென்ட் போட்டு தூங்கின 150 பேர்ல 84 பேர் போயிட்டாங்க. ஆனா தண்ணி பசிஃபிக் கடல் வரைக்கும் சுமார் 87 கிலோமீட்டர் போக அஞ்சரை மணி நேரம் ஆச்சு, அந்த நேரத்துக்குள்ள டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்த பெண்கள் இடத்தை விட்டு நகராம வீடு வீடா கூப்பிட்டு சொன்னாங்க, சாண்டா பாலாவுல மோட்டார் சைக்கிள் போலீஸ் ரெண்டு பேர் தெருத்தெருவா கதவை தட்டினாங்க, அதனால கீழ்ப்பகுதியில சாவு ரொம்ப குறைஞ்சுது. மேல இருந்தவங்களுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கல.

டேமுக்கு பக்கத்துல இருக்கிறவங்கதான் எப்பவும் அதிகமா சாகறாங்க. பிரேசில்ல புருமாடினோ, 2019 ஜனவரி 25, மதியம் 12.28, சுரங்கக் கழிவு அணை, அந்த சுரங்கத்தோட ஆபீசும் கேன்டீனும் அணைக்கு நேர் கீழ, சைரன் வச்சிருந்தாங்க ஆனா அடிக்கல, 270 பேர். பகல்னாலே தப்பிச்சுடலாம்னு நினைக்கக்கூடாது.

எச்சரிக்கை குடுத்தும் ஏன் ஜனங்க சாகறாங்க?

எச்சரிக்கை குடுத்ததுக்கும் ஒரு குடும்பம் வாசல் தாண்டினதுக்கும் நடுவுல நிறைய நேரம் போகுது. யாராவது பார்க்கணும், பார்த்தவர் மேல சொல்லணும், மேல உள்ளவர் முடிவு எடுக்கணும், அது ஊருக்கு வந்து சேரணும், வந்ததை நம்பணும், பக்கத்து வீட்ல விசாரிக்கணும், பாட்டியை தூக்கணும், மாட்டை அவிழ்க்கணும். டென்னிஸ் மிலெட்டி, ஜான் சோரன்சன் ரெண்டு பேரும் இந்த தாமதங்களை வருஷக்கணக்கா படிச்சு எழுதினவங்க, இன்னைக்கு மாடல்கள்ல போற தாமத வளைவுங்க (எத்தனை நிமிஷத்துல எத்தனை பேர் கிளம்புவாங்கன்னு காட்டுற கோடுங்க) அவங்க வேலையில இருந்து வந்தது. "கிளம்புங்க"ன்னு ஒரு குரலும் "வீட்டுக்குள்ளயே இருங்க"ன்னு இன்னொரு குரலும் வந்தா என்ன ஆகும்னு லிபியாவுல டெர்னாவுல பார்த்தோம், 2023 செப்டம்பர் 11 விடிகாலை, டேனியல் புயல், மேல இருந்த ரெண்டு அணையும் போச்சு, ஊரடங்கு வேற போட்டிருந்தாங்க, ஐ.நா. சொன்ன எண்ணிக்கையே 5,900 தாண்டுது, காணாம போனவங்க இன்னும் ஆயிரக்கணக்குல.

இந்தியாவுல பெருசா நடந்தது எது?

குஜராத்ல மோர்பி, மச்சு-2 அணை, 1979 ஆகஸ்ட் 11. சுமார் 2 லட்சம் கனஅடி போறதுக்குத்தான் ஷட்டர் வச்சு கட்டினது, வந்தது 5.7 லட்சம் கனஅடிக்கு மேல. ரெண்டு பக்க மண் கரையும் வழிஞ்சு அரிச்சு போச்சு, மோர்பி டவுனுக்கு இருபது நிமிஷ அளவுலதான் தண்ணி வந்து சேர்ந்தது, மழையில போன் லைன் எல்லாம் ஏற்கனவே அவுட். இறந்தவங்க 1,800ன்னு ஒரு கணக்கு, 25,000ன்னு இன்னொரு கணக்கு. முன்கூட்டி போடுற கணிப்பு துல்லியமா இல்லன்னு குறை சொல்றோம், ஆனா நடந்து முடிஞ்ச பிறகும் நம்மளால எண்ண முடியல, அந்த குடும்பங்களுக்கு அதைவிட பெரிய அவமரியாதை என்ன இருக்கு.

இலங்கையில கந்தளாய் குளம், 1986 ஏப்ரல் 20, விடிகாலை 3 மணி வாக்குல கட்டு உடைஞ்சு நூத்துக்கு மேல போயிட்டாங்க. அதுவும் தூக்க நேரம்தான். மாடல் ஓட்டும்போது மதியம் 2 மணிக்கு ஒண்ணு, ராத்திரி 2 மணிக்கு ஒண்ணுன்னு தனித்தனியா ஓட்டுறது இதுக்காகத்தான்.

டேம் உடைஞ்சாதான் இந்த கணக்கா?

இல்ல. இத்தாலியில வயோன்ட் அணை இன்னைக்கும் நிக்குது, 1963 அக்டோபர் 9 ராத்திரி மலைச்சரிவு மொத்தமா நீர்த்தேக்கத்துக்குள்ள விழுந்து தண்ணி அணைக்கு மேல எகிறி கீழ இருந்த லோங்கரோனே ஊரை அழிச்சுது, கிட்டத்தட்ட 2,000 பேர். 2014 ஜூன் 8ல ஹிமாச்சல்ல பியாஸ் ஆத்துல லார்ஜி அணையில இருந்து திறந்த தண்ணியில ஹைதராபாத்ல இருந்து டூர் போன 24 இன்ஜினியரிங் மாணவர்கள் போனாங்க. வெள்ளமும் இல்ல, உடைப்பும் இல்ல, ஆத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க. வழக்கமா ஷட்டர் திறக்கிறதுக்கும் உயிரிழப்பு கணக்கு போடணும்னு நான் பிடிவாதமா சொல்லுவேன்.

அமெரிக்க டேபிள் நம்ம ஊருக்கு பொருந்துமா?

அப்படியே தூக்கிப் போட்டா பொருந்தாது. அங்க மர வீடு, மிதந்து போகும். இங்க ஓலைக் குடிசையும் மண் சுவரும் சீக்கிரம் கரைஞ்சிடும், பக்கத்துலயே ரெண்டு மாடி கான்கிரீட் வீடு இருந்தா மொத்த தெருவும் மொட்டை மாடிக்கு ஏறிக்கலாம். அங்க வீட்டுக்கு கார் இருக்கு, இங்க கால்தான். ஆளுங்க எண்ணிக்கையும் நிலையா இருக்காது. ஆடிப்பெருக்கு அன்னைக்கு காவிரி படித்துறைகள்ல நிக்கிற கூட்டத்தை சென்சஸ் புத்தகத்துல தேடினா கிடைக்காது, செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் வந்து ஆத்தோரம் கொட்டாய் போட்டு தங்கியிருக்கிறவங்க எந்த வாக்காளர் பட்டியல்லயும் இருக்க மாட்டாங்க. இவங்களை விட்டுட்டு போடுற கணக்கு தப்பான கணக்குதான், எவ்ளோ நல்ல சாஃப்ட்வேர்ல போட்டாலும்.

சாஃப்ட்வேர்னதும் ஞாபகம் வருது, லைஃப்சிம்னா என்ன?

யூட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்சு இப்போ அமெரிக்க ராணுவ இன்ஜினியர் படை வச்சிருக்கிற மாடல். ஒவ்வொரு வீட்டையும் ரோட்டையும் தனித்தனியா வச்சு, யாருக்கு எப்போ செய்தி போச்சு, எப்போ கிளம்பினாங்க, ரோட்ல மாட்டினாங்களான்னு ஆயிரக்கணக்கான தடவை ஓட்டி ஒரு வீச்சு குடுக்கும். கனடாவுல பிசி ஹைட்ரோங்கிற மின்சார கம்பெனி ஆரம்பிச்ச இன்னொரு மாடல்ல பிரான்ஸ்ல 1959ல 423 பேரை கொன்ன மால்பாசே உடைப்பையே திரும்ப ஓட்டி பார்த்திருக்காங்க. படம் அழகா வரும், ஆனா தாமத நேரத்தை யாரோ ஒருத்தர் கையாலதான் போடுறாங்க, அதை மாத்தினா எல்லாம் மாறும், ரிப்போர்ட் படிக்கும்போது முதல்ல அந்த பக்கத்தை தேடுங்க.

நம்பர் வந்த பிறகு என்ன பண்ணுவாங்க?

உடையற வாய்ப்போட பெருக்குவாங்க. வருஷத்துக்கு 10,000ல 1 வாய்ப்பு, உடைஞ்சா 100 பேர்னா வருஷத்துக்கு சராசரியா 0.01 உயிர். பியூரோ வச்சிருக்கிற வழிகாட்டி அளவு வருஷத்துக்கு 0.001, அதைவிட பத்து மடங்கு அதிகம், அப்போ ஏதாவது செஞ்சாகணும். பெருமழையில உடையறதுன்னா, டேம் உடையலன்னாலும் அந்த வெள்ளத்துல போயிருக்கக்கூடிய உயிர்களை கழிச்சுட்டு மிச்சத்தைத்தான் டேம் கணக்குல எழுதுவாங்க.

இங்க சட்டம் ஏதாவது இருக்கா?

அணை பாதுகாப்பு சட்டம் 2021, அந்த டிசம்பர் 30ல அமலுக்கு வந்தது. இருக்கிற அணைங்களுக்கு அஞ்சு வருஷத்துக்குள்ள அவசரகால செயல் திட்டம் போடணும், புதுசுன்னா முதல் தடவை தண்ணி ரொப்புறதுக்கு முன்னாடியே போடணும். மத்திய நீர் ஆணையம் வெள்ள மேப் எப்படி போடணும்னு வழிகாட்டியும் குடுத்திருக்கு. ஆனா 15 மீட்டருக்கு கீழ இருக்கிற நிறைய ஏரிங்க இதுக்குள்ள வராது, 10ல இருந்து 15 மீட்டருக்கு சில நிபந்தனை இருக்கு. மேல சொன்ன கெல்லி பார்ன்ஸை ஞாபகம் வச்சுக்கிட்டு பார்த்தா இது எனக்கு சரியா படல.

எங்க ஊர் டேமுக்கு கீழ இருக்கு. நாங்க என்ன பண்ணணும்?

கிராம சபையில கேளுங்க, எங்க ஊர் வரைக்கும் தண்ணி வர எத்தனை நிமிஷம், எவ்ளோ உயரம் வரும், ராத்திரி ரெண்டு மணிக்கு யார் எங்களுக்கு சொல்லுவாங்க, அவரோட போன் எடுக்கலன்னா அடுத்தவர் யாருன்னு. செயல் திட்டத்துல இதுக்கெல்லாம் பதில் இருக்கணும். தண்ணி வருதுன்னு தெரிஞ்சா ஆத்தோட போற ரோட்ல வண்டியை எடுத்துக்கிட்டு கீழ்ப்பக்கமா ஓடாதீங்க, ஆத்துக்கு குறுக்கா பக்கத்து மேட்டுக்கு நடந்தே ஏறுங்க, மேடு தூரம்னா உறுதியான மாடி வீட்டுக்கு. நகை, பத்திரம்னு திரும்பி வராதீங்க. தனியா நடக்க முடியாதவங்க எந்தெந்த வீட்ல இருக்காங்க, யார் தூக்கறதுன்னு தெருவுக்குள்ள இப்பவே பேசி வச்சுக்கோங்க, ஆத்தோரம் கொட்டாய்ல தங்கியிருக்கிற வேலைக்காரங்களுக்கு யார் போய் சொல்றதுங்கிறதையும் சேர்த்து.